செத்தவனைக் கேட்காமல் மன்னிக்கலாமா?

6 மார்ச் 2025 (ஒரு வாசகரின் கேள்வி)

லெந்து, அதாவது தவக்காலம், தொடங்கிவிட்டது, அதனால் கேட்கிறேன். ஒருவன் ஆயுசு முழுக்கக் கொலை செய்கிறான். கடைசி நிமிஷத்தில் "ஆண்டவரே மன்னியும்" என்கிறான், பரலோகம். அவன் கையால் செத்தவன் இயேசுவை அறியாதவன் என்றால் அவனுக்கு நரகம். இதை நீதி என்று சொல்ல உங்களுக்குக் கூச்சமாக இல்லையா? ஒடிசாவில் கணவரையும் இரண்டு பிள்ளைகளையும் எரித்தவர்களை கிளாடிஸ் ஸ்டெய்ன்ஸ் மன்னித்தார் என்று மேடைக்கு மேடை பேசுகிறீர்கள். எரிந்தது அவரா?

7 மார்ச் 2025

கூச்சம் உண்டு. இயேசுவோடு சிலுவையில் தொங்கி, கடைசி நேரத்தில் பரதீசு வாக்குப் பெற்ற கள்ளனைக் காட்டி, "கள்ளனுக்குக் கிடைத்தது உனக்கும் கிடைக்கும்" என்று ஐயர் (சபைப் போதகர்) பிரசங்கம் பண்ணும்போது, அந்தக் கள்ளன் யார் வீட்டில் புகுந்தான், யாரை வெட்டினான் என்று எங்கள் சபையில் ஒருவரும் கேட்டதில்லை. லூக்காவும் எழுதி வைக்கவில்லை.

ஆனால் லூக்கா வேறொன்றை எழுதி வைத்திருக்கிறார். அந்தக் கள்ளன் "நாமோ நியாயப்படி தண்டிக்கப்படுகிறோம்" என்கிறான். இன்னொருவன் எங்களையும் இறக்கிவிடு என்று கேட்டான், இவன் அதைக் கேட்கவில்லை. பரதீசு வாக்குக் கிடைத்த பிறகும் அவனை யாரும் சிலுவையிலிருந்து இறக்கவில்லை. காலை முறித்தார்கள், யோவானில் இருக்கிறது. மன்னிப்பு என்றால் தண்டனை ரத்து என்பது நாம் பிற்பாடு ஒட்டிக்கொண்ட வால்.

செத்தவனுக்கு நரகம் என்று எழுதிக் கொடுக்க எனக்கு அதிகாரமில்லை. மத்தேயு 25இல் நியாயத்தீர்ப்பு நாளில் கேட்கிற கேள்வியெல்லாம் பசித்தவன், தாகப்பட்டவன், சிறையில் கிடந்தவன் பற்றியது. அதோடு அதை விடுகிறேன்.

உங்கள் கடைசி வரி, "எரிந்தது அவரா?" அதுதான் கேள்வி. இரண்டு நாள் கொடுங்கள்.

9 மார்ச் 2025

பெயரை மட்டும் கேள்விப்பட்டவர்களுக்காக முதலில் நடந்ததைச் சொல்கிறேன். கிரஹாம் ஸ்டெய்ன்ஸ் ஆஸ்திரேலியர். 1965இல் இந்தியா வந்து மயூர்பஞ்ச் மாவட்டம் பாரிபதாவில் தொழுநோயாளிகளோடு வாழ்ந்தவர். 1999 ஜனவரி 22ஆம் தேதி இரவு, கேந்துஜர் மாவட்டம் மனோகர்பூரில் நடந்த காட்டுமுகாமுக்குப் போயிருந்தார். கூட அவர் மகன்கள் பிலிப், தீமோத்தேயு. பிலிப்புக்கு 10 வயது, தீமோத்தேயுவுக்கு 6. ஊட்டியில் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள், விடுமுறைக்கு வந்தவர்கள். குளிருக்காக மூவரும் வண்டிக்குள் படுத்திருந்தார்கள். நள்ளிரவில் ஒரு கூட்டம் வந்து தீ வைத்தது. வெளியே வர முயன்றவர்களை விடவில்லை. அணைக்க வந்த ஊர்க்காரர்களையும் விடவில்லை.

கடைசி இரண்டு வாக்கியங்களை நான் லேசாகத் தாண்டிப் போக மாட்டேன். தீ வைப்பது ஒரு நிமிஷ வெறி என்று யாராவது சொல்லலாம். காப்பாற்ற வருகிறவனைத் தடுத்து நிறுத்த வெறி மட்டும் போதாது. அங்கே நின்று, பார்த்து, இன்னும் கொஞ்ச நேரம் என்று முடிவெடுக்க வேண்டும். "தாங்கள் செய்கிறது இன்னதென்று அறியாதிருக்கிறார்களே" என்று சிலுவையில் இயேசு சொன்ன வசனத்தை இங்கே கொண்டு வந்து ஒட்டுகிறவர்களிடம் எனக்குப் பொறுமை இல்லை. தெரிந்துதான் செய்தார்கள்.

கிளாடிஸ் சில நாட்களுக்குள் மன்னித்துவிட்டதாகச் சொன்னார். அடக்கத்தில் அவரும் 13 வயது மகள் எஸ்தரும் பாடினார்கள். அதன்பிறகும் சில ஆண்டுகள் பாரிபதாவிலேயே இருந்து அந்தத் தொழுநோய் இல்லத்தைப் பார்த்துக்கொண்டார். 2005இல் பத்மஸ்ரீ. மேடைப் பிரசங்கங்கள் இந்த இடத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டு முடிந்துவிடும். அவர் கூடவே சொன்ன இன்னொன்றை எடுத்துச் சொல்கிறவர்கள் குறைவு. மன்னிப்பும் குற்றத்தின் விளைவும் வேறு வேறு, சட்டம் தன் வேலையைச் செய்யட்டும் என்றார் அவர். வழக்கைத் திரும்பப் பெறுங்கள் என்று எங்கும் கேட்கவில்லை.

10 மார்ச் 2025

சரி, எரிந்தது அவரா? இல்லை. அவர் மன்னித்தது தன் பங்கை. மனைவியாக, தாயாக அவரிடமிருந்து பறித்ததை அவர் மன்னிக்கலாம். தீமோத்தேயுவிடமிருந்து பறித்ததை மன்னிக்க தீமோத்தேயுவுக்கு மட்டுமே முடியும். அவன் இல்லை. "கிளாடிஸ் மன்னித்துவிட்டார், அப்புறம் என்ன" என்று சொல்கிறவர்கள் ஆறு வயதுப் பையனின் கையெழுத்தைத் தாங்களே போடுகிறார்கள்.

11 மார்ச் 2025

ஒருவர் எழுதுகிறார்: "எல்லாப் பாவமும் கடைசியில் கடவுளுக்கு விரோதமான பாவம்தான். ஆகவே அவர் மன்னித்தால் போதும். சங்கீதம் 51 படியுங்கள்."

படிக்கிறேன். லெந்துதானே, எப்படியும் படிக்க வேண்டியதுதான்.

14 மார்ச் 2025

"தேவரீர் ஒருவருக்கே விரோதமாக நான் பாவஞ்செய்து" என்கிறான் தாவீது ராஜா, உரியாவின் மனைவி பத்சேபாளை எடுத்துக்கொண்டு உரியாவைச் சாகடித்த பிறகு. ஒருவருக்கே! உரியா? போர்முனையில் நிறுத்தி, மற்றவர்களைப் பின்வாங்கச் சொல்லி, தன் சாவுச்சீட்டைத் தானே சுமந்து போகவைத்த அந்தச் சிப்பாய்? பத்சேபாள்? சின்ன வயதிலிருந்து உருகி உருகிப் பாடின சங்கீதம் இது. இந்த வரியில் இப்போது எனக்குக் கோபம் வருகிறது.

இதற்கு விளக்கங்கள் உண்டு, தெரியும். மனிதனைக் காயப்படுத்துவது அவனைப் படைத்தவரைக் காயப்படுத்துவது, பாவத்தின் ஆழம் அங்கேதான் தெரிகிறது என்பார்கள். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஆழம் தெரிந்ததும் மேலே கிடக்கிற பிணம் மறைந்துவிடக் கூடாது.

வேதாகமம் மறைக்கவில்லை என்பதுதான் விஷயம். மத்தேயு முதல் அதிகாரம், கிறிஸ்துமஸுக்கு யாரும் முழுசாக வாசிக்காத அந்த வம்சவரலாறு. அதில் சாலொமோனின் தாயைப் பத்சேபாள் என்று மத்தேயு எழுதவில்லை. "உரியாவின் மனைவியாயிருந்தவளிடத்தில்" என்று எழுதுகிறார். தாவீது செத்து ஏறக்குறைய ஆயிரம் ஆண்டு ஆகிவிட்டது. "கர்த்தர் உமது பாவம் நீங்கச்செய்தார்" என்று தீர்க்கதரிசி நாத்தான் தாவீதிடம் சொன்னதும் பழங்கதை. அப்படியிருந்தும் இயேசுவின் குடும்பப் பட்டியலில், இரத்த உறவே இல்லாத ஒரு ஏத்தியனின் பெயர். மன்னிக்கப்பட்ட ராஜாவின் பெயருக்குப் பக்கத்திலேயே, கொல்லப்பட்டவன்.

17 மார்ச் 2025

இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். எழுதிவிடுகிறேன், ஏனென்றால் இந்தக் கேள்வி எனக்கு ஒடிசாவிலிருந்து வரவில்லை.

எங்கள் அப்பா குடிக்க மாட்டார். சபையில் நல்ல பெயர். வீட்டுக்குள் அம்மாவை அடிப்பார். காரணம் எதுவாகவும் இருக்கும், ரசத்தில் உப்பு, வாசலில் தாமதம். நாங்கள் பிள்ளைகள் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு ஒரே வரியைப் படித்துக்கொண்டிருப்போம்.

அப்புறம் ஒரு வருஷம் கன்வென்ஷன் (நற்செய்திக் கூட்டம்) பந்தலில் அப்பா இரட்சிக்கப்பட்டார். கிண்டலாகச் சொல்லவில்லை, நிஜமாகவே மாறினார். அன்றைக்குப் பிறகு கை ஓங்கியதில்லை. மூன்றாம் நாள் கூட்டத்தில் மேடையேறிச் சாட்சி சொன்னார். தான் கோபக்காரன், குடும்பத்தைக் கஷ்டப்படுத்தியவன், ஆனால் தேவன் தன் பாவங்களையெல்லாம் சமுத்திரத்தின் ஆழங்களில் போட்டுவிட்டார் என்று அழுதுகொண்டே சொன்னார். பந்தலே அல்லேலூயா போட்டது. பெண்கள் பக்கம், பாயில் அம்மா உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. பக்கத்திலிருந்த பெரியம்மா அவள் கையைப் பிடித்து "பார்த்தியாட்டீ" என்று அழுதாள்.

வீட்டுக்கு வரும் வழியில் அம்மா சொன்னது இவ்வளவுதான்: "கடல்ல போட்டுட்டாராம்ல. என்னைய ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போட்டிருக்கலாம்."

அது தேவதூஷணமா என்று நான் அப்போது பயந்தேன். ரொம்ப நாள் பயந்தேன். பின்னால் மலைப்பிரசங்கத்தில் அந்த வசனத்தைப் பார்த்தேன். பலிபீடத்தில் காணிக்கை செலுத்த வருகிறாய், உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று நினைவு வருகிறது, காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகு. கடவுள் தனக்கு வருவதை நிறுத்திவைத்துவிட்டு ஆளைத் திருப்பி அனுப்புகிறார். அம்மா கேட்டது அதைத்தானே.

18 மார்ச் 2025

"எழுபது தரம் ஏழு" என்று ஒருவர் ஒற்றை வரியில் பதில் போட்டிருக்கிறார். எத்தனை தரம் மன்னிக்க வேண்டும் என்று பேதுரு கேட்டதற்கு இயேசு சொன்ன கணக்கு. 490. எங்கள் அம்மா எண்ணியிருந்தால் கல்யாணமான மூன்றாம் வருஷமே கணக்கு முடிந்திருக்கும்.

கேலி போகட்டும். அந்த வசனத்துக்கு அடுத்தே வருகிற உவமையைப் பாருங்கள். பதினாயிரம் தாலந்து மன்னிக்கப்பட்டவன், நூறு வெள்ளிப்பணத்துக்காகச் சக ஊழியனின் தொண்டையைப் பிடிக்கிறான். ராஜா கொடுத்த மன்னிப்பை அதே ராஜா திரும்ப வாங்கிக்கொள்கிறார். மன்னிப்பு கிடைத்தது, அவ்வளவுதான், இனி யாரும் கேட்க முடியாது என்கிற நிச்சயத்துக்கு இந்த உவமையில் இடமே இல்லை. "ஒருமுறை இரட்சிக்கப்பட்டால் எப்போதும் இரட்சிப்புதான்" கோஷ்டி இப்போது வரும், வரட்டும்.

24 மார்ச் 2025

வந்தார்கள். பதில் சொல்லும் தெம்பு எனக்கில்லை, அதனால் மனாசேயை அனுப்புகிறேன்.

யூதாவின் ராஜாக்களில் அதிக காலம் ஆண்டவன், 55 வருஷம். எருசலேமை நாலு மூலையும் குற்றமற்ற இரத்தத்தால் நிரப்பினவன். (நல்ல ராஜா யோசியா 39 வயதில் போரில் செத்தான். இதற்கும் யாராவது விளக்கம் சொல்லட்டும்.) இரண்டாம் நாளாகமம் 33இல் மனாசே பாபிலோனில் சங்கிலியோடு கிடந்து மிகவும் தாழ்மையாகி ஜெபிக்கிறான். கர்த்தர் கேட்டு, எருசலேமுக்கே திரும்ப அழைத்து வருகிறார். ஆஹா, எப்பேர்ப்பட்ட கிருபை. இப்போது இரண்டாம் இராஜாக்கள் 24ஐத் திறங்கள். மனாசே செத்து ஒரு தலைமுறைக்கும் மேல் ஆகிவிட்டது. தேசம் அழிகிறது. காரணம் அவன் சிந்தின குற்றமற்ற இரத்தம், "அதைக் கர்த்தர் மன்னிக்கச் சித்தமில்லாதிருந்தார்."

ஒரே ஆள், இரண்டு முடிவு. இரண்டு நூல்களை எழுதியவர்களுக்கும் கருத்து வேறுபாடு என்று பண்டிதர்கள் சொல்லலாம். இரண்டையும் ஒரே அட்டைக்குள் வைத்துத் தைத்தவர்கள் ஒன்றைக் கிழித்துப் போடவில்லை. மனாசே என்ற மனிதனுக்கு வழி திறந்தது, இரத்தத்தின் கணக்கு மூடவில்லை. நான் நிற்பதும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான். அது சௌகரியமான இடம் அல்ல.

26 மார்ச் 2025

தம்பி இதையெல்லாம் படித்துவிட்டு போன் பண்ணினான். கோபமாக இருந்தான். "அப்பா அம்மாட்ட கேட்டாரு. நீ அப்போ ஹாஸ்டல்ல இருந்த. ராத்திரி சாப்பிடும்போது கேட்டாரு, நான் பக்கத்துல இருந்தேன்." அம்மா என்ன சொன்னாள் என்றேன். "சரி, சாப்பிடுங்க"ன்னு சொன்னாளாம்.

அது மன்னிப்பு என்கிறான் தம்பி. அவள் பேச்சை மாற்றினாள் என்கிறேன் நான். அரைமணி நேரம் சண்டை. கடைசியில் அம்மாவுக்கே போன் போட்டேன். "அதெல்லாம் இப்ப எதுக்கு. நீ லெந்துக்குக் கறி தின்கியா இல்லியா, அதச் சொல்லு" என்றாள்.

அப்பா கடைசி வருஷங்களில் படுக்கையில் கிடந்தபோது எல்லாம் பார்த்தவள் அவள்தான். "அதுதான் மன்னிப்பின் கனி" என்று இங்கே யாராவது எழுதுவதற்கு முன் சொல்லிவிடுகிறேன்: எழுதாதீர்கள். அது என்ன என்று அவள் சொல்லவில்லை. அவளுக்குப் பதில் நாம் சொன்னால், பந்தலில் நடந்தது மறுபடி நடக்கும்.

2 ஏப்ரல் 2025

"கிறிஸ்தவர்கள் கொல்லப்பட்ட கதையை மட்டும் பேசுகிறீர்கள், கொன்ற கதை?" நியாயமான அடி.

ருவாண்டா இனப்படுகொலை, 1994 ஏப்ரல். ஞானஸ்நானம் பெற்றவர்கள் ஞானஸ்நானம் பெற்றவர்களைக் கொன்றார்கள், பல இடங்களில் கோயிலுக்குள்ளேயே. நியாங்கே என்ற ஊரில் அடைக்கலம் தேடி ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் உள்ளே இருக்க, கோயிலை புல்டோசரால் இடித்தார்கள். அதற்கு உடந்தையாக இருந்தவர் அந்தக் கோயிலின் குருவானவர் அத்தனாஸ் செரோம்பாவே. பிறகு அவர் இத்தாலிக்குப் போய்ப் பெயரை மாற்றிக்கொண்டு அங்கே குருவாகப் பணி செய்தார். சர்வதேசத் தீர்ப்பாயம் 2006இல் 15 ஆண்டு கொடுத்தது. மேல்முறையீட்டில் 2008இல் ஆயுள் தண்டனை ஆனது.

அந்த இத்தாலி வருஷங்களை நினைத்துப் பார்க்கிறேன். ஞாயிறு தவறாமல் பீடம், அப்பம், இரசம். அவர் தன்னை மன்னிக்கப்பட்டவர் என்று நம்பினாரா, அல்லது நினைக்கவே இல்லையா? எனக்கு இரண்டாவதுதான் பயமாக இருக்கிறது.

திருச்சி மேலப்புதூர்க் கல்லறையில் தலித் கிறிஸ்தவர்களைப் பிரித்துச் சுவர் எழுப்பியதும் ஞானஸ்நானம் பெற்ற கைதான். ருவாண்டாவுக்கு விமானம் ஏற வேண்டியதில்லை.

5 ஏப்ரல் 2025

உண்மையிலேயே மனம் திரும்பிய கொலைகாரன் ஒருவனைக் காட்டு என்கிறார் முதல் கேள்வி கேட்டவர். சமந்தர் சிங். 1995 பிப்ரவரி 25, மத்தியப் பிரதேசத்தில் ஓடும் பேருந்தில் அருட்சகோதரி ராணி மரியாவைக் குத்திக் கொன்றவர். கேரளத்துப் பெண், கடன் பிடியிலிருந்த பழங்குடியினரோடு வேலை செய்தவர். ஏவியவர்கள் வேறு. 2002இல் ராணி மரியாவின் தங்கை, அவரும் கன்னியாஸ்திரி, சிறைக்குப் போய் அந்த ஆளின் கையில் ராக்கி கட்டினார். 2006இல் விடுதலை. அப்புறம் கேரளத்துக்குப் போய் அந்தத் தாயின் முன்னால் நின்றார். 2017இல் இந்தூரில் ராணி மரியாவை முத்திப்பேறு பெற்றவராக (புனிதர் பட்டத்துக்கு முந்திய நிலை) அறிவித்தபோதும் அவர் இருந்தார்.

ராக்கியைவிட எனக்கு முக்கியமாகப் படுவது கேரளப் பயணம். அந்தத் தாயின் முகத்தைப் பார்க்கப் போனாரே, அது.

17 ஏப்ரல் 2025

பெரிய வியாழன். ராப்போஜன ஆராதனைக்குக் கிளம்பும்போது செய்தி. ஸ்டெய்ன்ஸ் வழக்கில் ஆயுள் தண்டனை பெற்ற மகேந்திர ஹேம்பிரம் நேற்று கேந்துஜர் சிறையிலிருந்து விடுதலை, நன்னடத்தைக்காக. 25 ஆண்டு முடித்திருக்கிறார். மாலை போட்டிருக்கிறார்கள். தன்னைப் பொய்யாகச் சிக்க வைத்துவிட்டார்கள் என்று சொல்லியிருக்கிறார்.

விடுதலை எனக்குப் பிரச்சினை இல்லை. 25 வருஷம் சிறை என்பது 25 வருஷம்தான். மாலைதான் தொண்டையில் நிற்கிறது.

19 ஏப்ரல் 2025

முக்கியக் குற்றவாளி தாரா சிங்கைப் பற்றிக் கேட்கிறார்கள். 2003இல் மரண தண்டனை, 2005இல் ஒடிசா உயர் நீதிமன்றம் ஆயுளாகக் குறைத்தது, 2011 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. கொலையின் நோக்கம் ஸ்டெய்ன்ஸுக்குப் "பாடம் கற்பிக்க" என்கிற மாதிரி முதலில் தீர்ப்பில் இருந்த வரியை நாலே நாளில் நீதிமன்றமே எடுத்துவிட்டது. ஆறு வயதுப் பையனுக்கு என்ன பாடம் என்று யாராவது கேட்டிருக்க வேண்டும்.

போன வருஷம் அவர் தண்டனைக் குறைப்புக் கேட்டு உச்ச நீதிமன்றம் போனார். செய்ததற்கு வருந்துவதாக மனுவில் இருந்தது, கூடவே இளமை வேகம், வரலாற்றின் மேல் வந்த கோபம் என்று காரணமும். வக்கீல் பாஷை. அதை வைத்து ஒருவரின் மனசை எடைபோட மாட்டேன். ஆனால் அந்த வருத்தம் நீதிமன்ற முகவரிக்குப் போனது, கிளாடிஸின் முகவரிக்குப் போனதாக நான் எங்கும் படிக்கவில்லை.

அவர் பரலோகம் போவாரா என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். போகலாம். எனக்கு வழி திறந்திருக்கிறது என்று நம்புகிறவன், அவருக்கு மூடியிருக்கிறது என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த வாசலில் தீமோத்தேயு இருப்பான். அவனைச் சுற்றிக்கொண்டு போகப் பின்வாசல் கிடையாது என்றுதான் நான் நம்புகிறேன். ஆறு வயதுப் பையன் முன்னால் நின்று, "வண்டிக்குள் நீ இருப்பது தெரியும், தெரிந்துதான் செய்தேன்" என்று சொல்ல வேண்டும். அவன் என்ன சொல்வான் என்பது கடவுளுக்கே முன்கூட்டித் தெரியக்கூடாது என்று சில சமயம் ஆசைப்படுகிறேன். இது எந்த விசுவாசப் பிரமாணத்திலும் இல்லை.

22 ஏப்ரல் 2025

நேற்று போப் பிரான்சிஸ் காலமானார். இந்த இழைக்குச் சம்பந்தமாக ஒன்று. 2017 மார்ச்சில் ருவாண்டா அதிபரைச் சந்தித்தபோது, திருச்சபையின் பாவங்களுக்காகக் கடவுளிடம் மன்னிப்பு கேட்பதாகச் சொன்னார். கடவுளிடம் கேட்டது சரி. செத்தவர்களின் வீட்டுக்காரர்களிடம் இன்னும் நேராகக் கேட்டிருக்கலாம் என்று அப்போதே நினைத்தேன். ஆனால் அவராவது கேட்டார். நம் பேராயங்களில் எத்தனை பேர் எதற்காகவாவது கேட்டிருக்கிறார்கள்?

27 ஏப்ரல் 2025

ஒரு சபை ஊழியர் தனியாகக் கேட்டிருந்தார், பெயர் போட வேண்டாம் என்றார். சபைப் பெண் ஒருத்தி, கணவன் அடிக்கிறான் என்று அழுகிறாள். அவனோ மன்னிப்பு கேட்டு ஜெபிக்க வருகிறான், பிறகு மறுபடி அடிக்கிறான். "மன்னித்துவிடு அம்மா" என்று சொல்லலாமா என்பது அவர் கேள்வி.

சொல்லாதீர்கள். நீங்கள் சொன்னால் அவள் வீட்டுக்குத் திரும்பிப் போவாள். 181 பெண்கள் உதவி எண்ணுக்கு உங்கள் போனிலிருந்தே பேசச் சொல்லுங்கள், அவள் போனை அவன் பார்ப்பான். தங்க இடம் கேளுங்கள், உங்கள் வீட்டம்மாவையும் கூட அழைத்துக்கொள்ளுங்கள். அவனோடு ஜெபிக்க வேண்டுமென்றால் ஜெபியுங்கள், அவள் பத்திரமான இடத்துக்குப் போன பிறகு.